மறுபடியும் லேத் முன்னால்: வீட்டில் பட்டறை போட நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பாலிடெக்னிக் முடித்த கையோடு கோவை கணபதியில் ஒரு பம்ப்செட் பட்டறையில் மூன்று வருடம் லேத், அதாவது இரும்பைச் சுழலவிட்டு வெட்டும் கடைசல் மெஷின், ஓட்டினேன். அப்புறம் வங்கித் தேர்வு எழுதி 27 வருடம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். இப்போது வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு பழைய நாலரை அடி லேத் நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள், கூடப் படித்தவர்கள், ஓய்வு பெறப் போகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

இத்தனை வருடம் கழித்துக் கை வருமா?

வரும். ஆனால் நினைவில் இருக்கும் கையும் இப்போது இருக்கும் கையும் வேறு. டயலைத் திருப்பும் பழக்கம் சைக்கிள் மாதிரி, முதல் நாளே வந்துவிட்டது. போயிருந்தது பொறுமையும் காதும்தான். டூல், அதாவது வெட்டும் உளி, நன்றாக வெட்டுகிறதா, உரசுகிறதா என்பதைச் சத்தத்திலேயே சொல்லும் அந்தக் காது திரும்ப ஆறு மாதம் ஆனது.

அதனால் லேத் வாங்கும் முன் ஒரு வைஸ் (இரும்பை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி), இரண்டு அரம், ஒரு ஹாக்சா (இரும்பு அறுக்கும் ரம்பம்) வாங்கி ஒரு மாதம் உட்காருங்கள். 25 மி.மீ. சதுர இரும்புத் துண்டை எடுத்து ஆறு பக்கமும் மட்டப்பலகை வைத்துப் பார்த்து அரத்தால் சரிசெய்யுங்கள். ஐ.டி.ஐ.யில் முதல் மாதங்களில் பையன்களை அழவைக்கும் வேலை இதுதான். அரம் பிடித்துத் தோள் வலித்து, வெளிச்சத்துக்கு நேரே மூலைமட்டத்தைப் பிடித்து இடுக்கில் ஒளி கசிகிறதா என்று பார்ப்பதில் ஒரு மாதம் போன பிறகும் ஆசை மிச்சமிருந்தால் லேத் தேடலாம். அதற்குள் ஆசை தீர்ந்துவிட்டால் பெரிய தொகை மிச்சம்.

இதைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

சிரிப்பார்கள். இங்கிலாந்தில் தோட்டத்துக் கொட்டகையில் சின்ன மைஃபோர்ட் லேத் வைத்துக்கொண்டு கையகல நீராவி எஞ்சின் செய்வது தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். நம் ஊரில் லேத் என்றால் பிழைப்பு. ஆவாரம்பாளையத்திலும் பீளமேட்டிலும் ஒற்றை லேத்தை வைத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் எத்தனையோ. அங்கே போய் "சும்மா ஆசைக்குங்க" என்று சொன்னால், "சரிங், மாசம் எவ்வளவு நிக்கும்?" என்றுதான் கேட்பார்கள். பதில் சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை. இப்போதெல்லாம் "பேரனுக்கு பொம்மை செய்யறேனுங்க" என்று சொல்லிவிடுகிறேன். அதை எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால் கடைசல் நமக்குப் புதிது இல்லை. தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம், சொல் ஒன்றுதான். பழைய கயிற்றுக் கடைசலைப் பார்த்தால் காரணம் புரியும். மத்தில் கயிற்றைச் சுற்றி இரண்டு பக்கமும் மாறி மாறி இழுப்பதுபோலவே, கட்டையில் கயிறு சுற்றி ஒருவர் இழுக்க இன்னொருவர் உளி பிடிப்பார். கும்பகோணம் பக்கத்து நாச்சியார்கோவில் குத்துவிளக்கு இன்றைக்கும் வார்த்த பிறகு கடைசலில் ஏறித்தான் பளபளப்பாகிறது.

சின்ன சீன லேத் வாங்கலாமா, பழைய பெரிய லேத்தா?

மாடி வீடு, அபார்ட்மெண்ட் என்றால் யோசிக்கவே வேண்டாம், சின்னதுதான். மேசைமேல் வைக்கும் அந்த மினி லேத் சுமார் 40 கிலோ, இரண்டு பேர் தூக்கிவிடலாம். 180 மி.மீ. விட்டம் வரை சுழலும், வீட்டுக் கரண்டிலேயே ஓடும். குறைகளும் உண்டு. உள்ளே பிளாஸ்டிக் கியர்கள், வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் போர்டு ஒன்று. ஆழமாக வெட்ட ஆசைப்பட்டால் இரண்டில் ஒன்று பலியாகும். பெட்டியிலிருந்து எடுத்ததும் ஓட்டிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். கழற்றி, கழுவி, பிசிறு எடுத்து, கிப் (நகரும் பாகம் ஆடாமல் பிடிக்கும் தகடு) சரிசெய்து பூட்டினால்தான் அது லேத்.

தரைத்தளத்தில் இடம் இருந்தால் என் ஓட்டு பழைய இந்திய லேத்துக்கு. ராஜ்கோட்டிலும் பட்டாலாவிலும் செய்த எளிய பெல்ட் லேத்துகள் எங்கும் கிடைக்கும். கோவையில் பி.எஸ்.ஜி. லேத் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. ஹரிஹரில் இருந்த மைசூர் கிர்லோஸ்கர், பெங்களூரு எச்.எம்.டி. லேத்துகள் நல்ல நிலையில் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான், ஆனால் அவை வீட்டு ஷெட்டுக்கு யானை. இங்கே லேத்தை அடிக்கணக்கில் விற்பார்கள். அது பெட்டின் (எல்லாப் பாகமும் உட்காரும் அடிப்பாளம்) நீளம், வேலை பிடிக்கும் நீளம் அதைவிட நன்றாகக் குறையும். ஆறடிக்கு ஆசைப்படாதீர்கள், நாலரை போதும். நான் ஆறடி பார்க்கப் போய், ஷெட் கதவை அளந்துவிட்டுத் திரும்பினவன்.

பழைய லேத் பார்க்கப் போகும்போது எதைப் பார்ப்பது?

பெயிண்டைப் பார்க்காதீர்கள். விற்பதற்காக அடித்த பச்சை பெயிண்ட் எல்லாவற்றையும் மூடும். கையில் ஒரு டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் அளவி), காந்த ஸ்டாண்ட், டார்ச், ஒரு அடி நீளத்தில் நேரான கம்பி இருந்தால் போதும்.

முதலில் பெட். முப்பது வருடம் ஓடிய லேத்தில், வேலைத்துண்டைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்குப் பக்கத்தில்தான் தேய்மானம் இருக்கும், ஏனென்றால் வேலை எல்லாம் நடப்பது அங்கேதான். டூலைச் சுமந்து நகரும் ஸேடிலை, மறுமுனையில் இருக்கும் டெயில்ஸ்டாக் பக்கம் கொண்டுபோய், அங்கே இறுக்கமாக ஆனால் நகரும்படி கிப்பைச் சரிசெய்யச் சொல்லுங்கள். பிறகு சக்கை நோக்கித் தள்ளுங்கள். போகப் போக லொடலொடவென்று ஆனால் அந்த வித்தியாசம்தான் தேய்மானம். விரல் நகத்தை பெட்டின் ஓரத்தில் ஓட்டினாலே சில இடங்களில் படி தட்டும்.

அடுத்து ஸ்பிண்டில், சக்கைச் சுழற்றும் அச்சு. சக்கில் கம்பியை இறுக்கி, டயல் கேஜை சக்குக்குப் பின்னால் ஸ்பிண்டில் மூக்கில் வைத்து, கம்பியை மேலே தூக்கிப் பாருங்கள். முள் 0.02, 0.03 மி.மீ. ஆடினால் சரிசெய்துகொள்ளலாம். அதைவிட அதிகம் என்றால் பேரிங்கோ புஷ்ஷோ செலவு வைக்கும். விலையில் அதைக் கழிக்கப் பேசுங்கள்.

கியர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். உடைந்த பல்லில் வெல்டிங் வைத்து அரத்தால் ராவிய கியரை நான் இரண்டு லேத்தில் பார்த்தேன். கூடவே மரை வெட்டும் மாற்று கியர் செட் முழுசாக இருக்கிறதா என்று எண்ணுங்கள். அது தொலைந்த லேத்தை ரொம்ப மலிவாகத் தருவார்கள். தனித்தனியாகக் கியர் தேடி அலையும்போதுதான் மலிவின் விலை தெரியும்.

நான் வாங்கிய இடத்தில் பெரியவர் ஒருவர். "ஏனுங்ணா, பெட் தேய்மானம் எப்படிங்?" என்று கேட்டேன். "சக்குப் பக்கம் ஒரு சாண் தேஞ்சிருக்குங் தம்பி, நீட்டு ஷாப்ட் போட்டா கோணும், சின்ன வேலைக்கு ஒண்ணுமாகாது" என்றார். வாங்கிவந்து அளந்து பார்த்தேன், ஒரு சாண்தான். இப்படிச் சொல்கிறவரிடம் ஐந்நூறு ரூபாய் அதிகம் கொடுத்தாலும் தப்பில்லை.

வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது?

குட்டியானை வண்டி, சங்கிலி, நான்கு ஜி.ஐ. பைப், அனுபவமுள்ள இரண்டு ஆட்கள். லேத்துக்கு எடை எல்லாம் தலைப்பக்கம். நடுவில் கயிறு கட்டித் தூக்கினால் தலைகுப்புற விழும். மோட்டார், டெயில்ஸ்டாக், சக் மூன்றையும் கழற்றித் தனியாக ஏற்றுங்கள். ஸேடிலை டெயில்ஸ்டாக் முனைக்குத் தள்ளிப் பூட்டினால் எடை கொஞ்சம் சமமாகும். தரையில் பைப் உருளைமேல் தள்ளி நகர்த்தலாம். பெட்டுக்கு முன்னால் ஓடும் நீள மரைத்தண்டான லீட் ஸ்க்ரூவைப் பிடித்துத் தூக்க யாரையும் விடாதீர்கள், ஆட்கள் கை முதலில் அங்கேதான் போகும்.

வீட்டில் சிங்கிள் பேஸ்தான். மோட்டார் த்ரீ பேஸ் ஆயிற்றே?

மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படியுங்கள். நம் ஊர் த்ரீ பேஸ் மோட்டார்களில் 2 ஹெச்.பி. வரை பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் (மோட்டார் சுருள்களை இணைக்கும் ஒரு முறை) இருக்கும். அதன் ஆறு முனைகளும் வெளியே இருந்தால் டெல்டா என்ற இன்னொரு இணைப்புக்கு மாற்றலாம், அப்போது அது 240 வோல்ட் மோட்டார். 230 வோல்ட் சிங்கிள் பேஸ் வாங்கி த்ரீ பேஸாகத் தரும் வி.எஃப்.டி. ஒன்றைப் போட்டால் ஓடிவிடும். கூடவே வேகத்தைக் குமிழில் கூட்டிக் குறைக்கும் வசதியும் வருகிறது. 3 ஹெச்.பி.யும் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் 415 வோல்ட்டிலேயே டெல்டா, இந்த வழி நடக்காது. பேசாமல் 1 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் மாற்றிவிடுங்கள், வீட்டு வேலைக்கு அது தாராளம்.

இரண்டு எச்சரிக்கை. வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்ச் வைக்காதீர்கள், ஓடும்போது அணைத்தால் வி.எஃப்.டி. புகைந்துவிடும். ஸ்பிண்டிலில் மரை போட்டு ஏற்றும் சக் இருந்தால் வேகமாக நிறுத்தும் பிரேக்கும் திடீர் ரிவர்ஸும் வேண்டாம். சக் தானாகக் கழன்று உங்கள் கால்மேல் இறங்கும்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது: மின்வெட்டு. கரண்ட் போனதும் லேத் நிற்கும், நீங்கள் சக்கில் கை வைத்து ஏதோ பார்த்துக்கொண்டிருப்பீர்கள், கரண்ட் வரும். சாதாரண சுவிட்ச் என்றால் லேத் தானாக ஓடத் தொடங்கும். கரண்ட் போனால் விடுபட்டு, திரும்பப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் மட்டும் ஓடும் ஸ்டார்ட்டரைப் போடுங்கள். கிணற்று மோட்டாருக்கு வைக்கும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டரே போதும். எர்த் சரியாக இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

வீட்டு இணைப்பில் லேத் ஓட்டலாமா?

உங்கள் ஆசைக்கு ஓட்டலாம். காசு வாங்கி வெளிவேலை செய்தால் அது தொழில், இணைப்பின் வகையை மாற்ற வேண்டும்.

லெவல் பார்ப்பது அவ்வளவு முக்கியமா?

லேத் மட்டமாக இருப்பதைவிட முறுக்கில்லாமல் இருப்பது முக்கியம். கப்பலில் ஓடும் லேத் எந்த மட்டத்தில் இருக்கிறது? நான்கு கால்களில் ஒன்று பள்ளத்தில் நின்று போல்ட்டை இறுக்கினால் வார்ப்பிரும்பு பெட்டும் முறுக்கிக்கொள்ளும். பிறகு நீங்கள் கடைவதெல்லாம் கூம்புதான்.

ரசமட்டத்தில் தோராயமாக நிறுத்துங்கள். கொத்தனார் வைத்திருப்பது தொடக்கத்துக்குப் போதும், நுட்பமான லெவல் இரவல் கிடைத்தால் நல்லது. பிறகு உண்மையான சோதனை: 30 மி.மீ. கம்பியை சக்கில் பிடித்து 120 மி.மீ. வெளியே நீட்டுங்கள், டெயில்ஸ்டாக் வைக்காமல். நடுப்பகுதியைக் குறைத்துக் கடைந்து இரண்டு முனையிலும் மோதிரம் மாதிரி விடுங்கள். டூலைக் குறுக்காக நகர்த்தும் கிராஸ் ஸ்லைடைத் தொடாமல் இரண்டு மோதிரத்திலும் ஒரே மெல்லிய வெட்டு, பிறகு மைக்ரோமீட்டரில் அளவு. வெளிமுனை மோதிரம் பெரிதாக இருந்தால் டெயில்ஸ்டாக் பக்கத்தில் நீங்கள் நிற்கும் பக்கத்துக் காலுக்குக் கீழே மெல்லிய தகடு வைத்து உயர்த்துங்கள், சிறிதாக இருந்தால் எதிர்ப்பக்கக் காலை. எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஸ்டாண்டின்மேல் கடப்பா கல் வைத்து அதன்மேல் லேத்தை நிறுத்தியிருந்தேன். கல் ஒரு மூலையில் ஆடிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடிக்கவே ஒரு ஞாயிறு.

கார்பைடு டிப் போட்ட டூல் வாங்கலாமா? டூல் தீட்ட வரவில்லை.

இந்தக் கேள்விக்குத்தான் நான் பிடிவாதமாகப் பதில் சொல்வேன். ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் பிட் வாங்குங்கள், நீங்களே தீட்டுங்கள்.

கார்பைடு என்னும் அந்தக் கடினமான முனை கெட்டதல்ல. அது வேகமும் பலமும் உள்ள மெஷினுக்காகச் செய்தது. ஒரு மணிக்கு நூறு பீஸ் எடுக்கும் பட்டறைக்கு அதுதான் சரி. நம்முடைய பழைய லேத்திலும் மினி லேத்திலும் அந்த வேகம் கிடையாது. மெதுவாக ஓட்டினால் வெட்டுமுகம் கரடாக வரும், வெட்டு நடுவில் மெஷினை நிறுத்தினால் முனை பொடிந்துவிடும். ஹெச்.எஸ்.எஸ். பொறுமையானது. மழுங்கினால் சொல்லும், கல்லில் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் சமாதானமாகிவிடும்.

ஆறு அங்குல பெஞ்ச் கிரைண்டர், ஒரு எண்ணெய்க் கல், பக்கத்தில் ஒரு டப்பா தண்ணீர். சாதாரண இரும்புக்கு முன்பக்கமும் பக்கவாட்டிலும் சுமார் 8 டிகிரி ஒதுக்கம் (உரசாதபடி விடும் சாய்வு), மேல்முகத்தில் பக்கவாட்டுச் சரிவு 12 டிகிரி போல. கோணத்தைக் கண்ணாலேயே தீட்டலாம், ஒரு டிகிரி இப்படி அப்படி ஆனால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஒவ்வொரு முகமும் ஒரே தேய்ப்பில் வந்த ஒரே தளமாக இருக்க வேண்டும். மூன்று நான்கு பட்டையாக மின்னினால் கை ஆடியிருக்கிறது. கடைசியில் மூக்கைக் கல்லில் லேசாக உருட்டி விடுங்கள். வெட்டுமுகம் வழவழப்பாவது அந்த அரை நிமிட வேலையில்தான்.

பித்தளைக்கு மேல்சரிவே வேண்டாம், தட்டையாக விடுங்கள். சரிவு வைத்த டூலைப் பித்தளை உள்ளே இழுத்துக்கொள்ளும். அலுமினியத்துக்கு நேர்மாறு, நல்ல சரிவு வேண்டும்.

தீட்டிய டூலை மையத்துக்குச் சரியான உயரத்தில் வைக்க ஒரு தந்திரம், எனக்குப் பதினெட்டு வயதில் பட்டறையில் ஃபோர்மேன் காட்டியது. ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலை நிற்க வைத்து, கம்பிக்கும் டூல் முனைக்கும் நடுவில் மெதுவாகப் பிடிக்கும்படி டூலை நகர்த்துங்கள். ஸ்கேல் நேராக நின்றால் டூல் மையத்தில். மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்வு, அந்தப் பக்கம் சாய்ந்தால் உயர்வு. அந்தக் காலத்தில் இதைப் பார்த்து வியந்ததைவிட, 27 வருடம் கழித்து என் கை அதைத் தானாகச் செய்தபோதுதான் எனக்கு லேசாகக் கண் கலங்கியது. தீட்டும்போது முதல் பத்து பிட்டையாவது கெடுப்பீர்கள். கெடுங்கள். காசு கொடுத்து வாங்கிய டிப்பை மாற்றுகிறவனுக்கு டூல் ஏன் வெட்டுகிறது என்று கடைசி வரை தெரியாது.

என்ன வேகத்தில் ஓட்டுவது?

ஹெச்.எஸ்.எஸ். டூலுக்குச் சாதாரண இரும்பில் நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டுவேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 318-ஆல் பெருக்கி, கம்பியின் மி.மீ. விட்டத்தால் வகுத்தால் நிமிடத்துக்கான சுற்று எண்ணிக்கை. 25 மி.மீ. கம்பிக்கு 318 சுற்று, 50 மி.மீ. கம்பிக்கு அதில் பாதி. வார்ப்பிரும்புக்குக் கொஞ்சம் குறையுங்கள், பித்தளைக்கு இரண்டு மடங்கு, அலுமினியத்துக்கு மூன்று மடங்கு ஆனாலும் தாங்கும். ஒரு வாரத்தில் கணக்கு மறந்து காது பார்த்துக்கொள்ளும்.

வீடு கட்டி மிஞ்சிய கம்பி நிறைய இருக்கிறது. அதில் பழகலாமா?

தயவுசெய்து வேண்டாம். டி.எம்.டி. கம்பியைச் சூடாக இருக்கும்போதே தண்ணீர் அடித்து மேல்தோலை மட்டும் கடினமாக்கியிருப்பார்கள், உள்ளே மென்மை. மேலே வரி வரியாக மேடு பள்ளம் வேறு. டூல் ஒவ்வொரு சுற்றிலும் அடிவாங்கும். பழகப்போனவர் "எனக்குக் கை வரவில்லை" என்று மனம் உடைந்துவிடுவார். குற்றம் கம்பியுடையது.

இரும்புக் கடையில் ஈ.என்.1ஏ துண்டுகள் கேட்டு வாங்குங்கள். எளிதாக வெட்டப்படுவதற்கென்றே செய்த ரகம், சுருள் சுருளாக நீளாமல் துண்டு துண்டாக உதிரும், பார்க்க அழகாக வரும். அடுத்தது ஈ.என்.8. வெறும் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) கிழிந்த மாதிரி வெட்டுமுகம் தரும், கவலைப்படாதீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான். பித்தளை விலை அதிகம், ஆனால் முதல் சந்தோஷம் பித்தளையில்தான்.

காயலான் கடையில் பழைய எடைக்கல் கிடைத்தால் விடாதீர்கள், அவை வார்ப்பிரும்பு. அடிக்குழியில் முத்திரை குத்திய ஈயம் இருக்கும், அதை முதலில் நோண்டி எடுத்துவிட்டுக் கை கழுவுங்கள். வார்ப்பிரும்பின் மேல்தோல் கடினமானது, மணலும் ஒட்டியிருக்கும். பயந்து பயந்து மேலோட்டமாகச் சுரண்டினால் டூல் போய்விடும். முதல் வெட்டே தோலுக்கு அடியில் இறங்க வேண்டும்.

0.5 மி.மீ. எடுக்கச் சொன்னால் 1 மி.மீ. போகிறது. டயல் தப்பா?

டயல் சரிதான். சில லேத்தில் கிராஸ் ஸ்லைடு டயல் டூல் நகரும் தூரத்தைக் காட்டும், அப்போது விட்டத்தில் இரண்டு மடங்கு குறையும். சிலவற்றில் விட்டத்தையே காட்டும். உங்கள் லேத்தில் எது என்று ஒரு முறை அளந்து, மார்க்கரில் டயலுக்கு மேலே எழுதிவிடுங்கள். நானும் எழுதித்தான் வைத்திருக்கிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

துண்டு போடும்போது மட்டும் டூல் மாட்டி உடைகிறது.

பார்ட்டிங், அதாவது இந்தத் துண்டு போடுவது, எல்லோருக்கும் கெட்ட கனவுதான். டூலைக் குட்டையாக நீட்டுங்கள், ஸேடிலைப் பூட்டுங்கள், சக்குக்கு ஒட்டி வெட்டுங்கள், வேகத்தைப் பாதியாக்குங்கள், எண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள். பயந்து கையை நிறுத்தினால் டூல் உரசும், உரசினால் அதிரும், அதிர்ந்தால் மாட்டும். அதனால் ஒரே சீராக உள்ளே தள்ளுங்கள். அப்படியும் சரிவரவில்லை என்றால் ஹாக்சாவில் அறுத்துவிட்டு, முகத்தை மட்டமாக்கும் ஃபேசிங் எடுங்கள். யாரும் பார்க்கவில்லை.

பழைய இங்கிலீஷ் (அங்குலக் கணக்கு) லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்ட முடியுமா?

127 பல் கியர் இருந்தால் துல்லியமாக முடியும். ஒரு அங்குலம் 25.4 மி.மீ., அதை ஐந்தால் பெருக்கினால் 127. இரண்டு உலகத்துக்கும் நடுவில் பாலம் அந்த ஒரு கியர்தான். வெட்டும்போது, லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் ஹாஃப் நட்டைத் திறக்காமல், மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டித் திரும்பிவர வேண்டும். சக் மரைபோட்டு ஏற்றும் ரகம் என்றால் ரொம்ப மெதுவாக, முழுதாக நின்ற பிறகு. சின்ன மரைகளுக்கு டேப், டை (கையால் மரை வெட்டும் கருவிகள்) போதும். டேப் ஓட்டும்போது எங்கள் பக்கம் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள், நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதை பெட்டில் துடைக்காமல் விட்டால் நாளடைவில் பிசினாகும்.

வேட்டி கட்டிக்கொண்டு ஓட்டலாமா? வீட்டில்தானே.

வீட்டில் என்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டறையில் ஃபோர்மேன் இருப்பார், திட்டுவார். ஷெட்டில் நீங்கள்தான் தொழிலாளி, நீங்கள்தான் ஃபோர்மேன். வேட்டி, லுங்கி, துப்பட்டா, முழுக்கைச் சட்டை, மோதிரம், கழுத்துச் சங்கிலி, கோவிலில் கட்டிய கைக்கயிறு, எதுவும் கூடாது. கையுறையும் கூடாது. கூர்மையான சுருளுக்குப் பயந்து கையுறை போட நினைப்பார்கள். வெறும் விரல் என்றால் கீறலோடு போகும், துணி மாட்டினால் லேத் கையையே இழுக்கும். சுருளைக் கையால் இழுக்காதீர்கள், வளைத்த கம்பிக் கொக்கி ஒன்று செய்து வையுங்கள். அதுவே நல்ல முதல் வேலை. கண்ணாடி கட்டாயம்.

சக் சாவியிலிருந்து கையை எடுக்கிறீர்கள் என்றால் சாவி சக்கில் இருக்கக் கூடாது. இதற்கு விதிவிலக்கே கிடையாது. எங்கள் பட்டறையில் ஒருவர் மறந்து ஸ்டார்ட் செய்தார். சாவி ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் துளைத்துக்கொண்டு போனது. அந்த ஓட்டை வழியாகத் தினமும் பதினொரு மணிக்கு ஒரு வெயில் வட்டம் தரையில் விழும். மூன்று வருடம் நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்தோம்.

ஐம்பது தாண்டியாயிற்று. வெர்னியர் கோடே தெரியவில்லை.

டிஜிட்டல் வெர்னியர் வாங்குங்கள், மானம் ஒன்றும் போகாது. ஆனால் கடைசி அளவுக்கு மைக்ரோமீட்டர்தான். சக் இருக்கும் தூரத்தை டேப்பில் அளந்து கண் மருத்துவரிடம் சொல்லி, அந்தத் தூரத்துக்கு ஒற்றைப் பார்வைக் கண்ணாடி தனியாகப் போட்டுக்கொண்டேன். மேலே தூரம், கீழே கிட்டம் என்று இருக்கும் கண்ணாடியில் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். தலைக்கு மேலே ஒரு டியூப்லைட்டோடு நிறுத்தாமல், வெட்டும் இடத்தில் விழும்படி வளையும் விளக்கு ஒன்று வையுங்கள்.

துரு?

கோவைக்காரர்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. சென்னை, தூத்துக்குடி, நாகை மாதிரி கடற்கரை ஊர் என்றால் வேலை முடிந்த அன்றே துடைத்து, பெட்டில் 68 நம்பர் மெஷின் எண்ணெய் தடவி, பழைய பருத்தித் துணி மூடுங்கள். பிளாஸ்டிக் ஷீட் போடாதீர்கள், உள்ளே வியர்க்கும்.

முதலில் என்ன செய்வது?

பம்பரம். பித்தளையில், 35 மி.மீ. விட்டத்தில். ஃபேசிங், டர்னிங் (வெளிவட்டம் கடைவது), கூம்பு, துளை, ஆணிக்கு இறுக்கமான பொருத்தம், கடைசியில் பார்ட்டிங் என்று எல்லாப் பாடமும் அதில் இருக்கிறது. மையம் விலகியிருந்தால் டயல் கேஜ் தேவையில்லை, தரையில் விட்டாலே தள்ளாடும். துளையும் வெளிவட்டமும் சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே பிடிப்பில் முடிந்திருக்க வேண்டும், மூன்று ஜா (கவ்வும் தாடை) சக்கில் கழற்றி மாட்டினால் மையம் போய்விடும். எனக்கு மூன்றாவது பம்பரம்தான் தூங்கியது. அதாவது நின்ற இடத்திலேயே அசையாமல் சுற்றியது. முதல் இரண்டையும் பேரன் எடுத்துக்கொண்டான். தள்ளாடுவதுதான் நன்றாக இருக்கிறதாம்.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

நாலு மாதம் ஒன்றும் சொல்லவில்லை, அதுவே ஒரு பதில்தான். பிறகு வெட் கிரைண்டரில் புஷ் தேய்ந்து கல் ஆட ஆரம்பித்தது. கடையில் கேட்டால் அந்த மாடலுக்குச் சாமான் வருவதில்லை என்றார்கள். நைலான் கட்டையில் ஒரு மணி நேரத்தில் கடைந்து போட்டேன். மாவு ஆட்டி முடிந்ததும் என் மனைவி கேட்டது: "மூடியோட கைப்பிடியும் ஆடுதே, அதுக்கும் ஒண்ணு போட்டுத் தர்றீங்களா?"